வலது பக்கக் கதவு

அந்தப் பையைக் காலால தள்ளிடாதீங்க சார், உள்ள அக்ரிலிக் அச்சு இருக்கு. மடியில வெச்சுக்கலாம்தான், ஆனா உசிலம்பட்டி தாண்டினா பஸ் ஆட்டுற ஆட்டத்துல நழுவிடும். இப்படி நம்ம ரெண்டு பேர் காலுக்கும் நடுவுல இருக்கட்டும். நீங்க தேனி வரைக்குமா? நான் ஆண்டிபட்டி. ஒரு டாக்டரம்மா வீடு. பல் டாக்டர். அவங்க வீட்டு வாசக்கதவு நாங்க செஞ்சது.

நாங்கன்னா நானும் வேதமுத்துவும். வில்லாபுரத்துல எங்க பட்டறை. பதினெட்டு வருஷமா ஒரே போர்டு. நாகலிங்கம், வேதமுத்து, மர இன்லே வேலைன்னு இருக்கும். என் பேரு முதல்ல. அது அவனாச் சொல்லி எழுதினது. இன்னைக்குப் போய் வந்ததும் அந்த போர்டைக் கழட்டிடுவேன். டாக்டரம்மா முன்னாடி வெச்சு, யார் பண்ணின தப்புன்னு காட்டிட்டு, இனிமே நீ யாரோ நான் யாரோன்னு சொல்லிட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன். முடிவு பண்ணித்தான் கிளம்பியிருக்கேன்.

துரோகம் சார். வேற வார்த்தை இல்ல. வெளியாள் பண்ணினா வலிக்காது. கூடவே உக்காந்து ஒரே டப்பாவுல சோறு தின்னவன் பண்ணியிருக்கான்.

இன்லேன்னா தெரியும்ல? மரத்துக்குள்ள மரத்தைப் பதிக்கிறது. தேக்குக் கதவுல இலை மாதிரி ஒரு பள்ளம் வெட்டணும். மஞ்சக்கடம்புல அதே இலையை வெட்டி அந்தப் பள்ளத்துல உக்கார வெக்கணும். உக்கார வெச்சா, கைய வெச்சுத் தடவினா, எங்க தேக்கு முடிஞ்சுது எங்க கடம்பு ஆரம்பிச்சுதுன்னு விரலுக்குத் தெரியக்கூடாது. கண்ணுக்கு மட்டும்தான் தெரியணும்.

இப்ப மரத்தைக் குடையற ரூட்டர் மெஷின் இருக்கறதால யார் வேணா செய்யலாம்னு நினைக்கிறாங்க. கடைக்குப் போய், மெஷின்ல மாட்டி வெட்டற பிட்டு அம்பது எண்ணம் இருக்கற பெட்டியைத் தூக்கிட்டு வந்துடறாங்க. பூ மாதிரி ஓரம் சீவுறது, வளைவு போடறது, எல்லாம் அதுல இருக்கும். நம்ம வேலைக்கு அதுல நாப்பத்தொன்பது ஆகாது. ஒண்ணே ஒண்ணுதான் வேணும், ஒரு நூல் பிட். எட்டு நூல் ஒரு இஞ்ச்சு. அதுல ஒரு நூல் கனம். குச்சி மாதிரிதான் இருக்கும். வேகமாத் தள்ளினா ஒடிஞ்சிடும்.

அதுக்கு ஒரு ஜோடி உண்டு. பித்தளை வளையம். இருங்க, சட்டைப் பையிலதான் வெச்சிருக்கேன். இது. மெஷினோட அடியில ஒரு குழாய் மாதிரி துருத்திக்கிட்டு இருக்கும், அச்சோட ஓரத்துல உரசிக்கிட்டுப் போறதுக்கு. அந்தக் குழாய்ல இந்த வளையத்தை மாட்டிட்டு அச்சுக்குள்ள ஓட்டினா பள்ளம் வரும். வளையத்தைக் கழட்டிட்டு அதே அச்சுக்குள்ள ஓட்டினா இலை வரும். அச்சு ஒண்ணுதான் சார். பள்ளத்துக்கும் அதுதான், இலைக்கும் அதுதான். சூட்சுமம் எங்க இருக்குன்னா, இந்த வளையத்தோட கனமும் பிட்டோட கனமும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணா இருந்தா இலை போய் சொகமா உக்காரும். அதனால பிட்டையும் வளையத்தையும் ஒரே டப்பாவுல வெப்போம். பிரிக்க மாட்டோம்.

இவ்வளவையும் ஏன் சொல்றேன்னா, என் தரப்பு உங்களுக்குப் புரியணும்.

பிட் எடுக்கறதுல எனக்கும் வேதமுத்துக்கும் எப்பவுமே தகராறுதான். அவனுக்குத் திருகு பிட் வேணும். திருகாணி மாதிரி முறுக்கி இருக்கும், ஓரத்தைப் பிய்க்காம வெட்டும். நல்லாத்தான் வெட்டும், நான் இல்லேங்கல. ஆனா மழுங்கினா தூக்கிப் போடணும். கையால சாணை பிடிக்க முடியாது. எனக்கு நேர் பிட்தான். ரெண்டே வெட்டு, நேரா இருக்கும். மழுங்கினா வைரத் தகட்டுல நாலு தேய், புதுசு மாதிரி ஆயிடும். மதுரையில எத்தனை பேருக்குத் தெரியும் அந்த வேலை? அவனுக்குத் தெரியாது. மழுங்கினா புதுசு வாங்கணும், அதுதான் அவனுக்குத் தெரிஞ்ச வித்தை.

அச்சு மட்டும் அவன் வேலை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பைக்குள்ள இருக்கறது அவன் அறுத்ததுதான். ஓரத்துல நகம் பட்ட மாதிரி ஒரு சின்ன நெளிசல் இருந்தாக்கூட எல்லா இலையிலயும் அது அப்படியே விழும். அதனால ஒரு அச்சுக்கு ரெண்டு நாள் உப்புத்தாள் போடுவான். பொம்பளைப் புள்ளைக்குத் தலை சீவுற மாதிரி உக்காந்து தேய்ப்பான்.

டாக்டரம்மா கதவு இரட்டைக் கதவு. கீழ இருந்து கொடி ஏறி மேல போய்ச் சேரும். இடது பக்கம் முப்பத்தாறு இலை, வலது பக்கம் முப்பத்தாறு இலை. பலகை எடுத்தது அவன். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, முக்கியம். பள்ளமும் இலையும் மொத்தமும் வெட்டினது நான். தேக்கு பிட்டைத் தின்னும் சார், அதுக்குள்ள மண் மாதிரி ஏதோ இருக்கு. வேலை முடியறதுக்குள்ள மழுங்க மழுங்க அஞ்சாறு தடவை தேச்சேன். அவன்கிட்ட சொன்னேனான்னா, எதுக்குச் சொல்லணும்? நான் தினமும் பல் விளக்கறதை அவன்கிட்ட சொல்றேனா? என் வேலை அது.

ஆவணியில கிரகப்பிரவேசம். நாள் நெருங்கிடுச்சு. அதனால உக்கார வெக்கறதை ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கிட்டோம். இடது பக்கம் அவன், வலது பக்கம் நான். முதல் இலையை எடுத்தவன் வெச்சுப் பாத்துட்டு, கொஞ்சம் டைட்டா இருக்கு மாப்ள, புது பிட் ஒண்ணு வாங்கிட்டு வரட்டான்னான். டைட்டா இருக்கறதுதான்டா வேலை, தலைமுடி நுழையாதுன்னு ஊரெல்லாம் நம்மள எதுக்குச் சொல்றான்னு கேட்டேன். அப்ப இலை ஓரத்தை நான் தேச்சுத் தரட்டுமான்னான். உன் பக்கத்தை நீ பாருன்னுட்டேன். அவன் தன் பக்கக் கதவுகிட்ட போயிட்டான்.

நான் கொட்டாப்புளிய எடுத்தேன். பசையைத் தடவி, மேல ஒரு கட்டை வெச்சு, ஒவ்வொரு இலையையும் தட்டித் தட்டி இறக்கினேன். முப்பத்தாறும் கும்முனு இறங்குச்சு. அன்னைக்கு டாக்டரம்மாவும் பட்டறைக்கு வந்திருந்தாங்க. நான் அடிக்கறதைப் பாத்துட்டு, என்னங்க, நாங்க பல்லுக்கு மூடி போடும்போது கொஞ்சம் உசரமா இருந்தாலே ஆளு ராத்திரி தூங்க மாட்டாரு, நீங்க இந்த அடி அடிக்கிறீங்களேன்னு சிரிச்சாங்க. மரத்துக்கு வலிக்காதும்மான்னு நானும் சிரிச்சேன்.

கதவு மாட்டினோம். வந்தவங்க எல்லாம் வாசல்லயே நின்னுட்டாங்க. தடவித் தடவிப் பாத்தாங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்துச்சு. இலை உக்கார வெச்ச அன்னைக்கே வேதமுத்து துண்டை உதறும்போது மஞ்சளாத் தூசி பறந்துச்சு. கண்ணால பாத்தேன். அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. நல்ல மனுஷன் பாருங்க நானு, எதையும் சந்தேகப்பட மாட்டேன்.

ஐப்பசி மழை வந்துச்சு. இந்த வருஷம் எப்படிப் பேஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியும். டாக்டரம்மா ஃபோன் பண்ணினாங்க. வலது பக்கக் கதவுல இலையெல்லாம் எழும்பி நிக்குது, ரெண்டு மூணு வெடிச்சே போச்சுங்கறாங்க. படம் அனுப்பினாங்க. நெல்லுப் பொரி மாதிரி பொரிஞ்சு கிடக்கு சார். இடது பக்கம் ஒரு இலை அசையல. முப்பத்தாறுல ஒண்ணுகூட.

எனக்கு அன்னைக்கு சாப்பாடு இறங்கல. அதே அச்சு, அதே வளையம், அதே பிட், அதே மழை. அவன் பக்கம் நிக்குது, என் பக்கம் எழும்புது. எப்படி? அப்பத்தான் எனக்கு அந்த மஞ்சத் தூசி ஞாபகம் வந்துச்சு. நான் வெட்டிக் குடுத்த இலையை, எனக்குத் தெரியாம, ஓரம் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்கான். முப்பத்தாறு இலையையும். நான் டீ குடிக்கப் போனப்பவோ எப்பவோ. தேச்சதனால அவன் இலைக்கு மழைக்காலத்துல ஊத இடம் இருந்திருக்கு. என் இலைக்கு இல்ல. அப்ப என்ன அர்த்தம்? என் பக்கம் எழும்பும்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு பாத்துக்கிட்டு இருந்திருக்கான். தன் பக்கத்தை மட்டும் காப்பாத்திக்கிட்டான்.

கூட்டாளின்னா சொல்லிட்டுச் செய்யணும் சார். எதுவா இருந்தாலும் சொல்லிட்டுச் செய்யணும். மறைச்சுச் செஞ்சா அதுக்குப் பேரு கூட்டு இல்ல.

எனக்குக் கோவம் வரும்னுதான் அவன் சொல்லலையாம், யாரோ சொன்னாங்க. எனக்கு எங்க சார் கோவம் வருது? ஒரே ஒரு தடவை, ஏழெட்டு வருஷம் இருக்கும், விருதுநகர்ல ஒரு வீட்டுல வேலை. எல்லார் முன்னாடியும், மாப்ள உன் அளவு ஒரு நூல் குறையுதுன்னான். குறைஞ்சுதுதான், அது வேற. ஆனா ஆளுங்க முன்னாடி சொல்லலாமா? கையில இருந்த கொட்டாப்புளிய அவங்க கிணத்துல போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். மூணு மாசம் அவன்கூடப் பேசல. ஒரே பட்டறைதான், பக்கத்துப் பக்கத்துலதான் வேலை, டீக்கடை முருகாயி மூலமாத்தான் பேச்சு. அவ்வளவுதான். அதுக்குப் பேரு கோவமா? அதுக்கப்புறம் அவன் என் அளவைப் பத்திப் பேசினதே இல்ல. அந்த மட்டுக்கும் மரியாதை தெரிஞ்சவன்தான்.

நேத்து சாயங்காலம் ஃபோன் பண்றான். மாப்ள, நான் ஆண்டிபட்டி வந்துட்டேன், வலது பக்கத்தை நோண்டி எடுத்துட்டுப் புதுசாப் பண்ணித் தரேன்னு சொல்லியிருக்கேன், நீ வரும்போது அச்சு, வளையம், வெர்னியர் மூணையும் எடுத்துட்டு வா, பிட் நான் புதுசு வாங்கிட்டேன். பாருங்க, என்னைக் கேக்காமலே என் பக்கத்தை நோண்டறான். என் முப்பத்தாறு இலையையும். புதுசு வாங்கிட்டானாம், என்னமோ என் பிட்டுதான் கெட்டுப்போன மாதிரி.

அதனாலதான் அவன் கேக்காததையும் கொண்டு போறேன். என் பிட். இதோ. டாக்டரம்மா மேஜை மேல வளையத்தை வெப்பேன், பிட்டை வெப்பேன், அவனோட வெர்னியராலயே ரெண்டையும் அளந்து காட்டுவேன். ரெண்டும் ஒண்ணு. அப்ப வெட்டுல தப்பு இல்ல. வெட்டுல தப்பு இல்லேன்னா வேற எதுல? பலகையில. ஈரப் பலகை. பலகை எடுத்தது யாரு? ஞாபகம் வெச்சுக்கங்கன்னு சொன்னேன்ல.

நான் அளந்ததில்ல. எனக்கு எதுக்கு வெர்னியர்? இந்தக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போதும். உருட்டினா தெரிஞ்சிடும். ஒரு நூல்னா ஒரு நூல்.

நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்க, ஒரு உதவி பண்ணுங்க. என் கண்ணாடியை பட்டறையிலயே விட்டுட்டேன். இந்த வெர்னியர் நம்பர் காட்டற மாடல். நான் பிடிச்சுக்கறேன், என்ன காட்டுதுன்னு வாசிங்க. முதல்ல வளையம். அதோட சுவர் கனம். பஸ் நிக்கட்டும், உசிலம்பட்டியில அஞ்சு நிமிஷம் நிப்பாங்க. ம். எவ்வளவு? மூணு புள்ளி ஒண்ணு எட்டு. மில்லிமீட்டர்ல அதுதான் ஒரு நூல். பாத்தீங்களா.

இப்ப பிட். வெட்டற முனைக்கு நேரா. சொல்லுங்க.

என்னது?

மூணு புள்ளி பூஜ்ஜியம் ஒன்பதா? இல்ல, சரியா வெச்சிருக்க மாட்டேன். மறுபடியும் வெக்கிறேன். இப்ப? அதேதானா. சைபர் பண்ணாம இருந்திருக்கும். இருங்க, மூடி, சைபர் வருதா? வருது. இப்ப? பேட்டரி வீக்கா இருக்கும் சார். பேட்டரி வீக்கா இருந்தா வளையத்துக்கு மட்டும் எப்படி சரியாக் காட்டும்கறீங்களா? காட்டும், சில சமயம் அப்படிக் காட்டும். நீங்களே பிடிச்சு ஒரு தடவை வெச்சுப் பாருங்க. பயப்படாதீங்க, கையை வெட்டாது. எவ்வளவு வருது?

ம்.

அதை ஒரு நிமிஷம் கையிலயே வெச்சிருங்க. என் ஃபோன் அடிக்குது. அவன்தான்.

சொல்லுடா. ம். பஸ்ஸுலதான். உசிலம்பட்டியை விட்டு இப்பத்தான் கிளம்புது. ம். எல்லாம் இருக்கு. என்னது? எந்த பிட்? ம். யாரு சொன்னா? நீ எப்ப பாத்தே? கேக்கறேன்ல, எப்ப பாத்தே? ம். ஏன்டா அப்பவே சொல்லல? ம். வை.

தண்ணி இருக்கா சார். ஒரு வாய்.

கணவாய் ஏறுதா? ஆமா, காது அடைக்குது.

சொல்றேன். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும், நம்பரை வாசிச்சதே நீங்கதான். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "மாப்ள, அந்தப் பழைய பிட்டைக் கொண்டு வராத. கொண்டு வந்திருந்தா பையிலயே இருக்கட்டும், வெளியில எடுக்காத. ஈரப் பலகையை நான்தான் பாக்காம எடுத்துட்டேன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லியாச்சு. அவங்களும் சரின்னுட்டாங்க. அதை அப்படியே விட்டுரு."

எப்ப பாத்தேன்னு கேட்டேன். இடது பக்கம் முதல் இலை உக்காரலைன்னதும், நான் அந்தப் பக்கம் போனப்ப பிட்டுல வெர்னியர் வெச்சுப் பாத்தானாம். அப்பவே மூணு புள்ளி பூஜ்ஜியம் ஒன்பதுதானாம். தேய்க்கத் தேய்க்க மெலிஞ்சிருக்கு. பிட் மெலிஞ்சா பள்ளம் சின்னதாகும், இலை பெருசாகும். ரெண்டும் சேந்து இடிக்கும். இது எனக்குத் தெரியாததா? பத்துப் பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். கொஞ்ச நேரம் முன்னாடி உங்களுக்கே சொன்னேன். ஆனா என் கையால தேச்சது மெலிஞ்சிருக்கும்னு ஒரு நாளும் எனக்குத் தோணல.

ஏன்டா அப்பவே சொல்லலைன்னு கேட்டேன் சார். அதுக்கு அவன், "சொன்னா நீ பேச மாட்டியே மாப்ள"ங்கறான்.

நான் என்ன குற்றம் சொல்லணும்னு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரேனோ, அதை அவனே தன் தலையில போட்டுக்கிட்டு அங்க உக்காந்திருக்கான். நான் போய் நிரூபிக்க ஒண்ணும் பாக்கி வெக்கல. ஈரப் பலகையாம். பதினெட்டு வருஷத்துல அவன் ஒரு ஈரப் பலகை எடுத்ததில்ல சார். காதுகிட்ட வெச்சுத் தட்டிப் பாத்துத்தான் எடுப்பான். அவன் வாயால, நான் ஈரப் பலகை எடுத்துட்டேன்னு ஒரு பொம்பள டாக்டர் முன்னாடி சொல்லிட்டு நிக்கறான்.

இதைத்தான் சார் நான் துரோகம்கறேன். நீங்க சிரிக்கிறீங்க. சிரிக்கலையா? சரி. ரெண்டு மாசமா தெரிஞ்சுக்கிட்டு, நான் தலைமுடி நுழையாதுன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சதை எல்லாம் கேட்டுக்கிட்டு, மனசுக்குள்ள என்ன நினைச்சிருப்பான்? பாவம்னு நினைச்சிருப்பான். என்னைப் பாத்து ஒருத்தன் பாவம்னு நினைச்சுக்கிட்டு பக்கத்துலயே உக்காந்து சோறு தின்னிருக்கான். கன்னத்துல ரெண்டு விட்டு, டேய் உன் பிட் போச்சுடான்னு சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு வலிக்காது. பேச மாட்டேன்தான். ஒரு மாசம் பேச மாட்டேன், மூணு மாசம் பேச மாட்டேன். அப்புறம் பேசிடுவேன்ல. இப்ப இதுக்கு நான் எத்தனை மாசம் பேசாம இருக்கறது, சொல்லுங்க.

கோவம்தான் சார். அவன்மேலயா என்மேலயான்னு தெரியல.

என்ன ஊரு இது? ஆண்டிபட்டியா? இறங்கணும். கண்டக்டர், ஒரு நிமிஷம், பை இருக்கு. சார், காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்துங்க.

அந்த பிட் உங்க கையிலயே இருக்கு பாருங்க. கொடுங்க. இல்ல இல்ல, பையில வேணாம், கையிலயே இருக்கட்டும். வெளியில எடுக்காதன்னு சொன்னான்ல, அதைத்தான் முதல்ல எடுத்து டாக்டரம்மா மேஜை மேல வெப்பேன். வளையத்தைப் பக்கத்துல வெப்பேன். அவங்களுக்குத் தெரியும், அவங்களும் நாள் முழுக்க இந்த மாதிரி சின்ன பிட்டோட மல்லுக்கட்டறவங்கதான். பலகை நல்ல பலகைம்மான்னு சொல்லிட்டு, அவங்க முன்னாடியே அவனைக் கேப்பேன். என் தப்பை என்கிட்ட இருந்தே ஒளிச்சு வெக்க நீ யாருடான்னு. அதுக்கு அவன் பதில் சொல்லணும். சொல்லிட்டு அப்புறம் அச்சைக் கையில எடுக்கட்டும்.

நம்பர் என்ன சொன்னீங்க, மூணு புள்ளி பூஜ்ஜியம் ஒன்பதுதானே? சரி. கண்ணாடி இல்ல, அங்க போய் என்னால வாசிக்க முடியாது.